மோர் மிளகாய்களின் சூட்டு வகுப்பு

மொட்டை மாடியில் பாய் விரித்து, மோரில் ஊறிய மிளகாய்களைப் பரப்பிக்கொண்டே ஹேமலதா போனில் பேசினாள். "ஹீட்டட் பிலாட்டீஸ்னு ஒரு உடற்பயிற்சி வகுப்புடி. கொதிக்கிற ரூம்ல பாய் போட்டுப் படுத்து வயித்தை உள்ள இழுத்துக்கணும். வேர்த்துக் கொட்டி உடம்பெல்லாம் உப்பாயிடும். முடிஞ்சதும் ஒரு டம்ளர் மோர். வந்து பாரு, வத்தல் மாதிரி ஆயிட்டேன்."

"நாமளும் அந்த வகுப்புலதான் சேர்ந்திருக்கோம் போல," என்றது குண்டு மிளகாய்.

"ஆமா. பாய், சூடு, உப்பு, மோர், எல்லாம் சரியா இருக்கே," என்றது ஒல்லி மிளகாய்.

பகலெல்லாம் இரண்டும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெயிலில் படுத்திருந்தன. மாலையில் மோர். மறுநாள் மறுபடியும் பாய்.

மூன்றாம் நாள் ஒல்லி மிளகாய் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"நல்லா இளைச்சுட்டே," என்றது குண்டு மிளகாய், கொஞ்சம் பொறாமையோடு. "உடம்பு எப்படி இருக்கு?"

காற்றில் ஒல்லி மிளகாய் மெல்லப் புரண்டது. பதிலுக்கு உள்ளே காய்ந்த விதைகள்தான் கலகலத்தன.

குண்டு மிளகாய்க்குப் பயம் வந்தது. ஹேமலதா வந்ததும், 'எனக்கு இந்த வகுப்பு வேண்டாங்கக்கா, எடுத்துடுங்க' என்று சொல்லிவிட நினைத்தது. சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. உள்ளே ஒரு விதை கழன்று உருண்டது.

படியேறி ஹேமலதா வந்தாள். சட்டை அவள் தோளில் மாட்டி வைத்ததுபோல் தொங்கியது.

"இன்னும் ரெண்டே வகுப்புதான்டி," என்றாள் போனில்.

மிளகாய்களை அள்ளக் குனிந்தாள். அவளுக்குள்ளும் ஏதோ கலகலத்தது.