சேம் டு யூ

"ஹேப்பி ஹாலிடேஸ்க்கா" என்றாள் எதிர் வீட்டுத் தீபலட்சுமி.

அதையும் வாய்க்குள்ளேயே சொன்னாள்.

என் கையில் கேக்கும் அச்சு முறுக்கும் நிரம்பிய தட்டு. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவள் ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறப்பதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவள் நான். கிடைத்தது இது.

ஹாலிடேஸாம்! லீவு விட்டதற்கெல்லாமா வாழ்த்துச் சொல்வார்கள்?

வந்த கோபத்துக்கு, கழுத்தில் விசில் இருந்திருந்தால் ஊதியே இருப்பேன். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நான். என் சத்தத்துக்கு மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளை சட்டையை உள்ளே சொருகும்.

தீபாவும் சத்தத்தில் எனக்குக் குறைந்தவள் இல்லை. சிட்லபாக்கத்தில் இந்த அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, டிசம்பர் பிறந்தால் போதும், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி "ஹேப்பி கிறிஸ்மஸ்!" என்று கத்துவாள். என் வீட்டுக்காரர் ஜெஃப்ரி ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தாலும் சரி, உள்ளேயிருந்தே பதிலுக்குக் கத்துவார்: "சேம் டு யூம்மா!"

ஒரு வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று அதே உற்சாகத்தில், "ஹேப்பி குட் ஃப்ரைடே அண்ணா!" என்றுவிட்டாள். ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாள். நாங்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெஃப்ரி, "சேம் டு யூம்மா!"

அவள் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு ஆசையா சொல்லுது டெபோரா. அதுக்குப் போய் பைபிள் கிளாஸா எடுப்பாங்க?" என்றார்.

அப்படிப்பட்ட தீபாதான் இப்போது படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு ஹாலிடேஸ் என்கிறாள்.

தீபாவளிக்கே கவனித்தேன். எப்போதும் எங்கள் பால்கனிக்கு நேர்கீழேதான் சரவெடி வைப்பார்கள். இந்த வருஷம் கேட்டைத் தாண்டி, தெருமுனை வரை போய் வெடித்தார்கள். அதற்கப்புறம் பேச்சும் குறைந்தது. யார் அவள் மனசைக் கலைத்தார்களோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

நான் ஒன்றும் மாறவில்லை. இந்த வருஷமும் வாசலில் ஸ்டார் தொங்குகிறது. ஸ்டூல் போட்டு நானே ஏறிக் கட்டினேன். எப்போதும்போலவே எல்லாம் நடக்க வேண்டும் எனக்கு.

முதுகுக்குப் பின்னால் என் தங்கச்சி யூனிஸ் கிசுகிசுத்தாள். "பாத்தியாக்கா? கிறிஸ்மஸ்னு சொல்ல வாயே வரல அவளுக்கு. நறுக்குனு நாலு வார்த்தை குடு."

கொடுக்கலாம்தான். நாலென்ன, நாற்பது இருந்தது என்னிடம். ஆனால் வெடுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் எதிரெதிரே இருக்கிற இந்த இரண்டு கதவும் அப்புறம் திறக்காது. எனக்குத் தீபா வேண்டும். இந்த வருஷம் ரொம்பவே வேண்டும்.

ஆசையாகச் சொல்கிறாளோ, ஒப்புக்குச் சொல்கிறாளோ, நின்று சொல்கிறாள் அல்லவா? அது போதும்.

"ஹேப்பி ஹாலிடேஸ் தீபா!" என்றேன், முழுச் சத்தத்தில். "நாலு நாள் நல்லா ரெஸ்ட் எடு. இந்தா, பிடி!"

தட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் தலைக்கு மேலே தொங்கிய ஸ்டாரையே பார்த்தாள்.

"ஸ்டார் கட்டியிருக்கீங்க, பலகாரம் செஞ்சிருக்கீங்க... எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. அண்ணா போய் இன்னும் வருஷம் திரும்பல. எங்கள்ல அந்த வருஷம் அந்த வீட்டுக்குப் பண்டிகையே இல்ல, யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டோம். ஆனா ஒண்ணுமே சொல்லாம உங்களைத் தாண்டிப் போக மனசு வரல. அதான் ஆபீஸ்ல சொல்ற மாதிரி..."



தெருமுனை வரை போய் வெடித்த சரவெடி இப்போதுதான் எனக்குக் கேட்டது. அடிப் பாவி, நான் உன்னை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கையில் தட்டு.

"எங்கள்ல உண்டுடி பண்டிகை" என்றேன். "உங்கண்ணா போயிருக்கிற இடத்துல இதைவிட ஜோராவே இருக்கும். எப்பவும் எப்படிச் சொல்லுவ? அப்படிச் சொல்லு."

அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஹேப்பி கிறிஸ்மஸ்!"

மேல் மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

பழக்கதோஷம், நாங்கள் மூன்று பேருமே வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தோம். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் தட்டை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி நானே கத்தினேன்.

"சேம் டு யூம்மா!"