முழங்கால் ஆழம்

திருவொற்றியூரில் அந்தப் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு கன்டெய்னர் லாரிகள் பறக்கும். வேகத்தடை கேட்டுக் கார்குழலி டீச்சர் போட்ட நான்கு மனுக்களுக்கும் பதில் இல்லை. ஐந்தாவதில், "வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்" என்று எழுதி, போட்டோவும் வைத்தார். மூன்றாம் நாளே தார்க் கலவையோடு லாரி வந்து நின்றது.

வாட்ச்மேன் பீம்ராவ் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

மேஸ்திரி போட்டோவும் கையுமாக ரோட்டை இரண்டு முறை அளந்தார். "இன்னா வாட்ச்மேன், பள்ளம் எங்க கீது?"

பீம்ராவ் காலடியைக் காட்டினார். மேஸ்திரி குனிந்து தடவினார். சமதரை. விரலில் கரி ஒட்டியது.

"ஓரத்துக்கு சாக்பீஸ் கோடு, உள்ள கரியில ஷேடு. நான் ட்ராயிங் டீச்சர்" என்றார் வாசலுக்கு வந்த கார்குழலி.

"போட்டோல கால வுட்டா உள்ள பூடும் போல கீதேம்மா!" மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "தாரு ஆறினா கல்லாயிடும். திருப்பி எட்த்துனு போவ முடியாது. எங்கனா கொட்டித்தானே ஆவணும்?"

"இங்கயே கொட்டுங்கண்ணா. ரோட்டுக்குக் குறுக்கால, நீளமா."

மறுநாள் காலை, முதல் கன்டெய்னர் லாரி பள்ளி வாசலில் பிரேக் அடித்து, மெதுவாக ஏறி இறங்கியது. லாரிகளை நிறுத்தத் தினமும் ஊதும் விசிலை பீம்ராவ் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.