பக்கத்து லைனில் நின்ற வேகன்

சங்கரசுப்பு பலகையில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுட்டி. மெதுவா."

அவர் மனைவி சண்முகசுந்தரி குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். சாண் நீள எஞ்சின் ஒன்பது வேகன்களைப் பின்பக்கமாகத் தள்ளியது. கடைசியில் இருந்த பிரேக் வேன் வளைவைத் தொட்டதும் நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்போது அவள் கைக்கே தெரியும். பதினோரு நாளாக இதே வேலை.

மாடியறை முழுக்க அந்தப் பலகைதான். டியூட்டி இல்லாத நாளெல்லாம் உட்கார்ந்து, பதினைந்து வருடமாக அவர் தண்டவாளம் ஒட்டி, சிக்னல் நட்டு, வேகன் வேகனாகச் சேர்த்தது. கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலும் கூட்ஸ் ஓட்டுகிறார் என்று தெருவில் சிரிப்பார்கள். அவளும் சிரித்தவள்தான்.

இப்போது பலகையில் இருப்பது விளையாட்டு இல்லை. பழைய தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துவிட்டு, விபத்து நடந்த யார்டை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அன்று பிரேக் வேன் வாசலில் நின்று அவர் பச்சைக் கொடி காட்ட, வண்டி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் தண்டவாளம் பிரிகிற இடத்தில் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் பேச்சிராஜாவின் கால் மாட்டிக்கொண்டது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன் என்கிறான் பேச்சிராஜா, ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்.

கார்டு அதைப் பார்த்தாரா?

சங்கரசுப்புவுக்கே தெரியவில்லை. அந்த நொடி அவர் மண்டைக்குள் இல்லவே இல்லை. பழுதென்று ஒதுக்கிய ஒரு திறந்த வேகன் பக்கத்து லைனில், இருவருக்கும் நடுவில் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது மறைத்திருந்தால் அவர் மேல் தப்பில்லை. மறைக்கவில்லை என்றால், பார்த்திருக்க வேண்டிய கையை அவர் பார்க்கவில்லை.

"அப்படி இருந்தா நானே ஒத்துக்கிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை போகும். போனால் போகட்டும் என்று நினைக்கிற ஆள்தான். சொன்னால் செய்வார்.

நாளைக் காலை மதுரையில் விசாரணை. இன்று மத்தியான வண்டிக்குக் கிளம்ப வேண்டும்.

பேச்சிராஜாவின் மனைவி சண்முகசுந்தரிக்குப் போன் செய்திருந்தாள். "அண்ணாச்சி பாத்ததச் சொன்னாப் போதும்க்கா. வேற ஒண்ணும் கேக்கல." அந்தப் போனைப் பற்றி அவள் அவரிடம் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு வேகன் மட்டும் அவர் சேகரிப்பில் கிடையாது. செய்தார்கள். கூரை போட்ட வேகன் ஒன்றை எடுத்துக் கூரையைப் பிடுங்கி, சுவர்களை உடைத்துவிட்டுப் புதுச் சுவர் வைத்தார்கள். வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்வது அவர், பிளாஸ்டிக் தகட்டை வெட்டுவது அவள். எப்போதும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் வெட்டுகிற கை. துருவின் நிறம் பெயின்டில் சரியாக வராமல், சாமி மாடத்திலிருந்து, நோய்க்குப் பூசுகிற கோயில் புற்றுமண்ணை எடுத்துக் குழைத்தாள்.

"கோமதியம்மா மண்ண வேகனுக்குப் பூசுதியேட்டி."

"அதுக்குந்தான சீக்கு."

பதினோரு நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். இரவெல்லாம் முழித்துக் கிடக்கிறார். அவர் முழித்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவளும் கிடக்கிறாள்.

இப்போது அந்த வேகன் பக்கத்து லைனில் நிற்கிறது. அதற்கு அப்பால் செப்புக் கம்பியில் முறுக்கிய பேச்சிராஜா, ஒரு கையைத் தூக்கியபடி.

சங்கரசுப்பு பிரேக் வேனை எடுத்துவிட்டு, கார்டு நிற்கிற இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். வெகுநேரம் அசையவில்லை.

"தெரியல" என்றார். பிறகு, "நீயும் பாரு. எனக்குத் தோதா பாக்கேனோன்னு இருக்கு."

அவள் குனிந்தாள். இடுப்பு விண்ணென்றது. பலகை அவர் கன்னத்துச் சூட்டோடு இருந்தது. துருப்பிடித்த சுவர் தெரிந்தது, அதற்கு மேலே ஜன்னல் வெளிச்சம். வேறொன்றும் இல்லை.

"தெரியல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவன் கையத் தூக்கலன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிய வழியில்லன்னு மட்டும் சொல்லுவேன். அது நெசம்தான" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

கையைத் தூக்கியதற்குச் சாட்சி இல்லை என்று விசாரணையில் எழுதிக்கொள்வார்கள். கவனக்குறைவு என்பதைப் பேச்சிராஜாவின் பெயருக்கு நேரே எழுதுவார்கள். அது அவருக்குத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனார்.

வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பயமோ நிம்மதியோ, ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தாள். அலுப்புதான் வந்தது.

இன்று காலையில்கூட அவர் வேகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். நம்பரை லென்ஸ் வைத்துப் படித்தார், கீல்களை எண்ணினார், அதிகமாகப் போன துருவை நகத்தால் சுரண்டினார். உயரத்தை மட்டும் அளக்கவில்லை. அவள் வெட்டியதை அவர் என்றைக்குமே அளந்ததில்லை.

அவர் சொன்னது அஞ்சு நூல், அரை அங்குலத்துக்குச் சற்று மேலே. நிற்கிற சுவர் ஏழு நூல்.

முதலில் அவள் வெட்டியது அஞ்சு நூலில்தான். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அதை வேகனில் நிறுத்தி, இதே இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

தூக்கிய கை முழங்கை வரை தெரிந்தது.