மூடிய சன்னல்

சன்னலை மூடிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினான். வெளிப்பக்கமிருந்து, ஒரு குவளை.

தண்ணீர் உள்ளே வந்தது.

கொக்கியை அசைத்துப் பார்த்தான். பூட்டித்தான் இருந்தது. இன்னொரு குவளை ஊற்றினான். கண்ணாடிகள் நகரும் தடத்தில் நீர் மெல்ல ஏறி, உள்விளிம்பைத் தாண்டி, அறையின் பலகைத் தரையில் சொட்டியது.

விரிசல் இல்லை. ரப்பர்கூடக் கிழியவில்லை.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் அந்தப் பழைய உல்லாசப் படகில் அவன் ஏறுவது இது இரண்டாம் முறை. முதல் முறை ஏறியது பதினோரு வருடங்களுக்கு முன்பு. தம்பி கஜேந்திரனும் கூட இருந்தான். வீடுகளுக்கு அலுமினிய சன்னல் மாட்டிக்கொண்டிருந்த இருவருக்கும் அதுதான் முதல் படகு. பழுது பார்த்த சன்னல்களை மாலையில் மூடிவிட்டு வருவது தம்பியின் பொறுப்பு.

கடைசி நாள் இரவு ஐப்பசி மழை கொட்டியது.

காலையில் மெத்தை ஊறிக் கிடந்தது. தரைப்பலகையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

எல்லோர் முன்னாலும் தம்பியை அறைந்தான்.

"மூடிட்டுத்தாண்ணே வந்தேன்."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மாவின் காரியத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை வந்தது. தம்பியின் மகளுக்கு, வெள்ளிக்கிழமை, கடலூரில். பெரியப்பா என்று அவன் பெயரை எல்லாப் பெயர்களுக்கும் மேலே போட்டிருந்தான் கஜேந்திரன்.

மறுநாளே இந்த வேலையை ஒப்புக்கொண்டான். பழைய சன்னல்களை எடுத்துவிட்டுப் புதியவை மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை முடித்துத் தருவதாகச் சொன்னான். போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

படகைக் காவல் பார்க்கும் லூர்துநாதன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கீழ ஓட்டையே கிடையாது மேஸ்திரி. இது மேலாலதான் குடிக்கும்."

எப்போதுமா என்று கேட்டான். தான் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் அவர். சன்னலை மூடி வைத்தாலும் நனையுமாம். மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போட்டுத்தான் காப்பாற்றினார்களாம்.

மூடி வைத்தாலும்.

புதுச் சட்டத்தைச் சுற்றியிருந்த அட்டையைப் பிரித்தான். அடியில், வெளிவிளிம்பில், மூன்று சின்னத் துளைகள். தவறிப்போய் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தான். அடுத்ததைப் பிரித்தான். அதிலும் மூன்று. ஆறு சட்டங்களிலும் மூன்று மூன்று.

பழைய சட்டத்தில் அதே இடத்தை விரலால் தடவினான். வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினான்.

வெள்ளை சிலிகான் பசை. மூன்று துளைகளும் நிறைந்து கிடந்தன.

சுத்தமான வேலை. முன்னால் மாட்டியவர்கள் ஓட்டையோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று, அன்று அடைக்கும்போது யாரோ சிரித்தது நினைவுக்கு வந்தது.

யாரோ இல்லை.

கட்டைவிரலால் அழுத்தி வழித்த தடம் அப்படியே இறுகியிருந்தது. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு.

தன் கட்டைவிரலைத் திருப்பினான். தொழில் பழகிய காலத்தில் கண்ணாடி கிழித்த தழும்பு, குறுக்கே.

அலை படகை ஒருமுறை தூக்கி இறக்கியது.

திருப்புளியை எடுத்து மூன்றையும் குத்திப் பெயர்த்தான். சன்னலை மூடினான். குவளையைச் சாய்த்தான். தடத்தில் விழுந்த நீர் துளைகள் வழியே வெளியேறி, படகின் பக்கவாட்டில் வழிந்து, கீழே கலந்தது.

உள்ளே ஒரு சொட்டு இல்லை.

லூர்துநாதன் இறங்கி வந்து பெயர்த்துப் போட்டதைப் பார்த்தார்.

"எவன் இத அடைச்சது?"

இந்தப் படகைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதற்கு இத்தனை வருடமாக அவனிடம் ஒரு பெயர் இருந்தது. அது நாக்குவரை வந்து நின்றது.

தடம் பதிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை வேலைக்கு வர முடியாது என்றான்.

வானம் கறுத்துக்கொண்டு வருகிறதே, அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார் அவர்.

"மூடிட்டுத்தாண்ணே போவேன்."