இறக்கத்துக் காற்று

"போயிட்டான் பாருங்க. இன்னிக்கும் போயிட்டான்!"

வீட்டு வண்டிகளான கேரவன்களில் வருவோருக்காகத் தானும் கணவரும் நடத்தும் முகாம் மைதானத்தின் சமையலறைச் சன்னலில் நின்று மெங்கியா பொருமினாள். கணவாய்ச் சாலையின் தடுப்புக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போன சைக்கிள், முதல் வளைவில் மறைந்தது.

"பனிக்காக மே கடைசி வரைக்கும் காருக்குத்தான் பூட்டு. சைக்கிளை யார் தடுத்தா?" என்றார் அவள் கணவர் ஃப்ளூரின்.

"சைக்கிளையா சொன்னேன்? பெண்டாட்டி கேரவன்ல படுத்த படுக்கையாக் கிடக்கா. கணவாய் திறக்கிற வரைக்கும் அவ தாங்கமாட்டாள்னு டாக்டர் கைவிரிச்சுட்டாராம். இந்த மனுஷன் தினம் நாலு மணி நேரம் மலையேறி விளையாடுறான்!"

"உனக்கேன் ஊர் வம்பு? சூப்பு அடிப்பிடிக்குது, அதைப் பாரு."

"பிடிக்கட்டும். இன்னிக்கு அவன் இறங்கி வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

உச்சிப்பொழுதில், பார்லி சூப்புக் கிண்ணத்தோடு அவள் கேரவனுக்குப் போனாள். வண்டியின் பின்புறத்தில், உறை பிரிக்காத இன்னொரு சைக்கிள் தொங்கியது.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"பனியை எத்தனை வளைவு வரைக்கும் அகற்றியிருக்காங்கன்னு பார்த்துட்டு வரச் சொன்னேன்," என்றாள் வெரேனா. குரல் படுக்கையைத் தாண்டவில்லை. "இருபது வருஷமா, கார் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம்."

"நீங்க சொன்னாலும் அவருக்குப் புத்தி எங்கே போச்சு?"

வெரேனா புன்னகைத்தாள்.

அவளைச் சற்று நிமிர்த்தி உட்காரவைக்கத் தலையணையை இழுத்தபோது, மெங்கியாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. சைக்கிள்காரர்கள் காற்றுக்கு அணியும் கண்ணாடி. வந்த நாளிலிருந்து அவள் கணவர் பெனடிக்ட் மைதானம் முழுவதும் தேடி அலையும் அதே கண்ணாடி!

வெரேனா அதைச் சட்டென்று வாங்கி, மறுபடியும் தலையணைக்கடியில் செருகிக்கொண்டாள்.

மெங்கியாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. நன்றாக வேண்டும் அந்த மனிதனுக்கு! வாய் திறந்து ஏசத் தெம்பில்லாத பெண், இப்படியாவது பழி தீர்த்துக்கொள்கிறாளே.

வெளியே பிரேக் கிறீச்சிட்டது. கதவைத் திறந்துகொண்டு பெனடிக்ட் வந்தார். கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. கன்னத்து ஈரம் காதோரம் வரை ஓடியிருந்தது.

"பதினாலாவது வளைவு வரைக்கும் பனியை எடுத்துட்டாங்க, வெரேனா. அதுக்கு மேல ஆள் உயரத்துக்குப் பனி."

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"இறக்கத்துல காத்து. கண்ணாடியும் தொலைஞ்சு போச்சு, பாரு…"

"ஆமாம், பொல்லாத காத்து. நாளைக்குப் பதினஞ்சாவது வளைவுக்கு வந்துடுவாங்க. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

சேர்த்து வைத்திருந்த நான்கு கேள்விகளும் மெங்கியாவின் நாக்கு நுனிக்கு வந்தன. வெரேனாவின் மெலிந்த கை அவள் மணிக்கட்டைப் பற்றி அழுத்தியது.

சைக்கிள் சங்கிலியைத் துடைக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி பெனடிக்ட் வெளியேறினார்.

"ஏம்மா," மெங்கியா குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடியை ஒளிச்சு வெச்சுத் தண்டிக்கிறீங்க, அது நியாயம். அப்புறம் எதுக்கு நீங்களே அவரை வலிய மேல அனுப்பணும்?"

வெரேனா சன்னல் வழியே, குனிந்திருந்த கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"இந்த வண்டியில இருக்கறது ஒரே ஒரு அறை. என் கண்ணுல படாம அவர் எங்கே போய் அழுவார்? கண்ணாடி மாட்டிக்கிட்டு இறங்கி வந்தா, பழியைத் தூக்கிக் காத்து மேல போட முடியாதே."