மூச்சு முட்டிய டர்போ

“தம்பி, சைலன்சர் குழாய் இம்புட்டுப் பெருசா இருந்தா புகையை எதித்துத் தள்ளுத பேக் பிரஷர் எங்கன இருந்து வரும்? வண்டி இழுக்காதே!”

காரின் பின்பக்கக் குழாயை விரலால் சுண்டிப் பார்த்தபடி கீழப்பாவூர் நல்லக்கண்ணு அண்ணாச்சி சொன்னதும் முகம்மது ஆசிக்குக்குச் சுருக்கென்றது. வண்டி வாங்க வந்தவர் குறை சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நப்பாசையும் இருந்தது. இந்தக் குறையைச் சொல்லியே மனிதர் எழுந்து போய்விட மாட்டாரா!

இருபத்தைந்து வருஷத்துச் சிவப்பு ஜப்பான் வண்டி. இரண்டே சீட், டர்போ இன்ஜின். ஷார்ஜாவில் உழைத்த காசில் ஆசை ஆசையாக வாங்கியது. போன லீவில்தான் ஒடுக்கமான பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று இஞ்ச் குழாய் போட்டிருந்தான். இந்த லீவுக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, உம்மா சைதூன் பீவி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

“இந்த வண்டி நம்ம வீட்டுல இருக்கப்படாது வாப்பா. ஆளைக் கொன்னுரும். வித்துட்டுத்தான் நீ பிளேன் ஏறணும்.”

தார்ப்பாய் போட்டு மூடி நிற்கிற வண்டி யாரைப் போய்க் கொல்லும்? மனைவி முஹ்ஸினாவாவது தன் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், “மாமி சொல்லுததுதான் சரி மச்சான்” என்று அவளும் தலையை ஆட்டிவிட்டாள். நாளை மறுநாள் விமானம். உம்மா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத ஆசிக் மனசே இல்லாமல் அண்ணாச்சியை வரச் சொல்லியிருந்தான்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுதது டர்போ இல்லாத வண்டிக்கு” என்று குறுக்கே வந்தான் சந்தோஷ்குமார். குத்துக்கல்வலசையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், ஆசிக்கின் பள்ளிக்கூடத்துத் தோழன், அந்தக் குழாயை மாட்டியவனும் அவனே. “டர்போங்கிறது புகையில சுத்துத காத்தாடி. பின்னால வழி தாராளமா இருந்தாத்தான் அது சுத்தும். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

“ஆமா அண்ணாச்சி, நல்லா ஓட்டிப் பாருங்க” என்று தேநீர் கொண்டுவந்த முஹ்ஸினாவும் சேர்ந்துகொண்டாள். ஆசிக் அவளை முறைத்தான். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஆசிக் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி சமத்தாகக் கிளம்பியது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. குற்றாலம் ரோட்டில் சாரலுக்கு நடுவே கொஞ்சம் வழி கிடைத்ததும் அண்ணாச்சி ஆக்சிலேட்டரை அழுத்தினார். அவ்வளவுதான், வண்டி திணறியது. எவ்வளவு மிதித்தாலும் முக்கியதே தவிர நகர மாட்டேன் என்றது. அருவிக்குக் குளிக்கப் போகிற ஏழு பேரைத் திணித்துக்கொண்டு வந்த ஓர் ஆட்டோ, ஹாரன் அடித்து முந்திப் போனது. பின்னால் தொங்கிக்கொண்டிருந்தவன் துண்டை ஆட்டிக் கையசைத்தான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா தம்பி? பெரிய குழாயப் போட்டு பேக் பிரஷரைக் கொன்னுபுட்டிய! எனக்கு இந்த வண்டி வேண்டாம்.”

அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆசிக் வாசலில் நின்றான். வண்டி தப்பித்ததே என்று துள்ளுவதா, ஆட்டோவிடம் தோற்ற மானக்கேட்டுக்கு அழுவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

“என் வேலை சோடை போகாதுலே!” என்று ரோஷத்தோடு தரையில் படுத்தான் சந்தோஷ்குமார். கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு, முழங்கை ஆழத்தில் துழாவி, எதையோ கொக்கி போட்டு இழுத்தான். கருகிப்போன உருண்டைகள் இரண்டு வந்து விழுந்தன. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்!

“பேக் பிரஷர் இல்லையாம்லே! இங்கன தொண்டை அடைக்க பேக் பிரஷர் இருந்திருக்கு! ஏலே ஆசிக், இது ஒங்க அடுப்பங்கரைச் சாமானாச்சே?”

ஆசிக் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனான். முஹ்ஸினா தேநீர்ப் பாத்திரத்தை வெறுங்கையால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இது ஒன் வேலையா?”

“மெதுவாப் பேசுங்க மச்சான், மாமி உள்ள ஓதிக்கிட்டிருக்காங்க. அண்ணாச்சி போயிட்டாருல்லா?”

“விக்கணும்னு தலையாட்டுனவளே நீதானே! பொறவு எதுக்கு இதைக் கொண்டுபோய் அடைச்சே? அதுவும் கம்பி நாரை?”

“துணி வச்சா சூட்டுல தீப்பிடிச்சிரும். முழுசா அடைச்சா ஸ்டார்ட்டே ஆகாது, அண்ணாச்சி கண்டுபிடிச்சிருவாரு. இதுன்னா மூவாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல மிதிச்சாத்தான் டர்போ மூச்சு முட்டும்.”

“ஒனக்கு எப்படிட்டி இதெல்லாம் தெரியும்?”

“நீங்க இல்லாத பதினோரு மாசமும் அதை நான்தானே ஓட்டுதேன்! தலையாட்டலேன்னா அதை ஒங்ககிட்டச் சொல்லிருவேன்னு மாமி மிரட்டிட்டாங்க.”

“உம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?”

“தெரியாம என்ன? வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து சீட்டுல உக்காந்து வாரதே அவங்கதானே!” என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள் முஹ்ஸினா. “நீங்க வாரதுக்கு முந்தின வாரம் ஐந்தருவி வளைவுல எண்பதுல திருப்பிட்டேன் மச்சான். உசுரு போயிரும்னு பயந்து கலிமா சொல்லிக்கிட்டே இறங்குன மாமி சொன்ன மொத வார்த்தைதான், ‘இதை வித்துத் தொலை’!”