கணக்கில் வராத சூடு

குருமூர்த்தி காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வெளியே பனி. உள்ளே தரை பாதத்துக்கு இதமாக இருந்தது.

தரைக்கு அடியில் குழாய்கள். அவற்றில் எரிவாயுவில் சூடாக்கிய வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சச் சூடே ஒரு புது வீட்டுக்குப் போதும் என்று நிரூபிக்கத்தான் அவன் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு ஆராய்ச்சி செய்ய வந்திருந்தான்.

கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் ஓரத்தில் ஒரே அச்சாகக் கட்டிய வீடுகள். எல்லாவற்றிலும் மீட்டர் பொருத்தியிருந்தான். இந்த வீடு மட்டும் மற்றவற்றைவிட வெகு குறைவாக எரிவாயு செலவழித்தது. பேராசிரியர் பூரித்துப்போயிருந்தார். அவனுக்கும் சில வாரங்களாகக் கால் தரையில் பாவவில்லை.

குடியிருந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புஸ்பவதியும் அவள் கணவரும். தேவாலயத்தார் பிடித்துக் கொடுத்த வீடு.

"ஹீட்டிங்கைக் குறைச்சு வைக்கறீங்களா அக்கா?"

"இல்லைத் தம்பி. நீங்கள் வைச்சபடிதான் கிடக்கு."

படுக்கையறைத் தெர்மாமீட்டரைப் பார்க்க எழுந்தான். புஸ்பவதி முந்திக்கொண்டு போய்க் கதவை மறித்து நின்றாள்.

உள்ளே ஒரு குழந்தை இருமியது.

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

அவளாகவே விலகிக் கதவைத் திறந்துவிட்டாள்.

அறை நிறைய ஆட்கள். கட்டில் இல்லை, மெத்தை இல்லை. வெறுந்தரையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் அவனைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

"இதுகளின்ரை அகதி மனுவை மறுத்திட்டாங்கள், தம்பி. பிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றாள் புஸ்பவதி. "கொழும்பிலை இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

மனித உடம்பு சும்மா கிடந்தாலே ஒரு பெரிய பல்பு அளவுக்குச் சூடு தரும். முதல் வருடப் பாடம் அது. இந்த வீட்டில் எரிவாயுவை மிச்சப்படுத்தியது தன் குழாய்கள் இல்லை என்று குருமூர்த்திக்குப் புரிந்தது. யாரோ தோளைத் தொட்டு எழுப்பிவிட்டதுபோல இருந்தது.

குழந்தையின் வாயிலிருந்து கையை எடுக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் ஜாடை காட்டினான். கதவை மெல்லச் சாத்தினான்.

மறுநாள் பேராசிரியரிடம் போனான்.

"அந்த வீட்டு மீட்டரை நான் தப்பாகப் பொருத்திவிட்டேன். எண்கள் எல்லாம் பிழை."

 பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த வீட்டை ஆய்விலிருந்தே எடுத்துவிடச் சொன்னார்.

அதன்பின் அங்கே அளவெடுக்க யாரும் போகவில்லை.